இணைப்பில் நின்ற வேர்ஜீனியா அண்ணை

தொலைபேசி மேசைக்குப் புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் வந்து பழைய அனுபவங்களைச் சொல்லுங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். வந்தால் அந்தக் கதிரையில்தான் போய் இருப்பேன், பிறகு நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து தூக்கினாலும் எழும்ப மாட்டேன், ஆகவே எழுதித் தருகிறேன் என்றேன். பகிடி போலச் சொன்னேனே தவிர, உண்மை அதுதான். மார்க்கம் நகரில் மகளின் வீட்டுக் குசினியில் இருந்து இப்போது வானொலி கேட்கிறேன். "இணைப்பில் யார்?" என்று அறிவிப்பாளர் கேட்கும்போதெல்லாம் என் விரல் மேசையில் பட்டனைத் தேடுகிறது. மகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள், எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

பட்டன்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அது அரை நாளில் பழகிவிடும். எந்த அழைப்பை உள்ளே விடுவது, எதைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பது, எதை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவது, அதுதான் உங்கள் வேலை. காலை வணக்கம் சொல்ல எடுத்துவிட்டு மத்தியானம் வரை வைக்காத நேயர் இருப்பார். ஒவ்வொரு நாளும் "இண்டைக்குத்தான் முதல் தரம் எடுக்கிறன்" என்று சொல்லுகிறவர் இருப்பார். அவர்களோடு கோபிக்காதீர்கள். அறிவிப்பாளர்களின் குரலை வீட்டில் இருந்தும் கேட்கலாம். ஆனால் "அக்கா, சாப்பிட்டாச்சோ?" என்று எங்களிடம் கேட்டுவிட்டு நிகழ்ச்சிக்குள் போவார்களே, அந்த முதல் வார்த்தை வானொலியில் வராது. அது இந்த மேசைக்கு மட்டும் கிடைப்பது. எனக்கு இப்போது கிடைக்காமல் போனதும் அதுதான்.

வந்த கிழமையிலேயே கண்டிருப்பீர்கள், எங்கள் நிலையத்தில் சனம் மூச்சு விடாமல் கேட்பது செய்தியும் இல்லை, பாட்டும் இல்லை, மரண அறிவித்தல்தான். அது தொடங்கினால் சட்டிக்குள் அகப்பை அப்படியே நிற்கும். நான் சேர்ந்த புதிதில் பார்க்டேல் பகுதியில் இருந்து ஒரு குடும்பம் அறிவித்தல் தந்தது, வாசித்தோம். கொஞ்ச நேரத்தில் ஒருவர் எடுத்தார். பின்னால் இயந்திரச் சத்தம். "அக்கா, இப்ப வாசிச்சது எங்கட அப்பாவையோ?" என்று கேட்டார். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு எங்கள் வானொலியைக் கேட்டிருக்கிறார். அவருக்கு வீட்டில் ஒருவரும் இன்னும் சொல்லவில்லை. ஆளுக்காள் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். அவர் எங்களைத் திட்டவில்லை, கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த அறிவித்தலை எடுத்தாலும் என்னுடைய முதல் கேள்வி, "பிள்ளையள் எல்லாருக்கும் சொல்லியாச்சோ?" என்பதுதான். நீங்களும் அதைக் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள், பரவாயில்லை.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். இது அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நாளில் நடந்தது.

எங்களுக்கு ஒரு நேயர் இருந்தார். நிலையத்தில் எல்லோரும் அவரை வேர்ஜீனியா அண்ணை என்றுதான் சொல்லுவோம். அவர் அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "அக்கா, நான் இருக்கிறது மேற்கு வேர்ஜீனியா. வேர்ஜீனியா வேற. அதுகளோட நாங்கள் அந்தக் காலத்திலயே சண்டை பிடிச்சுப் பிரிஞ்சு வந்த ஆக்கள்" என்பார். சரி அண்ணை என்று சொல்லிவிட்டு, உள்ளே அனுப்பும்போது "வேர்ஜீனியா அண்ணை இணைப்பில்" என்று எழுதி அனுப்புவேன். மலைகளுக்கு நடுவில் ஒரு சிறு ஊரில் பெற்றோல் நிலையமும் அதோடு ஒட்டிய கடையும் வைத்திருந்தார். "இங்க தமிழெண்டு பார்த்தால் நானும் என்ர மிளகாய்த்தூளும்தான்" என்பார். கைபேசியில் எங்கள் வானொலியைப் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாராம். என்ன மொழி என்று கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி, அந்த ஊரில் தமிழ் என்ற சொல்லைத் தெரியாத ஆள் இல்லை என்று ஒரு பெருமை அவருக்கு.

அவருடைய அம்மா எங்கள் பக்கம் அஜக்ஸ் நகரில் அவருடைய அக்கா வீட்டில் இருந்தார். அண்ணை விடியக் காரை எடுத்தால் எல்லையைக் கடந்து பொழுதுபட அஜக்ஸுக்கு வந்துவிடலாம். ஆனால் கடையை யாரிடம் விட்டு வருவது என்று வருடத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோதான் வருவார். மற்ற நாட்களில் அம்மாவும் மகனும் ஒரே வானொலியைக் கேட்டார்கள், அவ்வளவுதான். மகன் எங்கள் நிகழ்ச்சிக்கு எடுத்துக் கதைத்தால், உடனே அம்மா எடுத்து, "இப்ப கதைச்சது என்ர பிள்ளை" என்று என்னிடம் சொல்லுவார். எனக்குத் தெரியும் என்று தெரிந்தும் சொல்லுவார். மகனோடு நேரே தொலைபேசியில் கதைப்பது அவருக்குப் போதாது. வானொலியில் வந்தால்தான் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

தேர்தல் வரும்போதெல்லாம் வேர்ஜீனியா அண்ணைக்கு ஒரு மனக்குறை. நாங்கள் முன்கூட்டியே பென்சில்வேனியாவில் ஒருவரையும் மிச்சிகனில் ஒருவரையும் நிகழ்ச்சியில் கதைக்க ஒழுங்கு செய்வோம். இரண்டு பக்கமும் இழுபறிப்படும் மாநிலம் என்றால்தானே கேட்கச் சுவாரசியம். மேற்கு வேர்ஜீனியாவில் இழுபறி என்ற பேச்சே இல்லை. ஒரு பக்கத்துக்கே வாக்கை அள்ளிக் கொட்டுகிற மாநிலம். வாக்களிப்பு முடியும் நேரம் வந்ததும், ஒரு பெட்டி திறந்து எண்ணுவதற்கு முன்பே, தொலைக்காட்சிக்காரர் வரைபடத்தில் அதற்கு வென்ற கட்சியின் நிறம் அடித்துவிட்டு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவார்கள்.

"எங்கட ஸ்டேட்டைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறியள் இல்லை" என்று சொல்லுவார்.

"கேக்க என்ன இருக்கு அண்ணை? எல்லாருக்கும் தெரிஞ்ச முடிவுதானே."

"முடிவு தெரியும். ஆனால் இங்க நாங்களும் இருக்கிறம் எல்லோ?"

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஒருவர் வென்றார் என்று வாசித்தால் எங்கள் சனம் உடனே, "கள்ளவோட்டோ?" என்றுதான் கேட்கும். நாங்கள் பார்த்த தேர்தல்கள் அப்படி. அதற்கு அண்ணைதான் ஒருமுறை நிகழ்ச்சியில் பதில் சொன்னார். "இல்லை, சனம் தாங்களாப் போட்டதுதான். என்னட்டைப் பெற்றோல் அடிக்கிற ஆக்கள், பள்ளிக்கூட ரீச்சர், எல்லாம் நல்ல சனம். அதுகளின்ர மனம் அப்பிடி" என்றார். அவருடைய மனம் மற்றப் பக்கம். ஆனால் அவருக்கு அப்போது வாக்கு இருக்கவில்லை.

நான் சொல்ல வந்த தேர்தலுக்குச் சற்று முன்னர்தான் அவருக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. தேர்தலுக்கு முந்திய கிழமை எடுத்தார்.

"அக்கா, இந்த முறை நானும் போடப்போறன்."

"தோக்கப் போற பக்கம்தானே அண்ணை? வேலை மினக்கெட்டு ஏன் போறியள்?"

அவர் சிரித்தார். "ஊரில எலெக்சன் வந்தால் ஒண்டில் வோட்டுப் போடாமல் வீட்டுக்குள்ள இரு எண்டாங்கள், இல்லாட்டி நாங்கள் இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்தம். இங்க வந்தும் இவ்வளவு காலமா ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. இந்த முறைதான் உனக்கு ஆர் வேணுமெண்டு கேக்கிறாங்கள். கேட்டால் சொல்லோணும்தானே."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு எனக்குப் பொறுக்கவில்லை, நேரே தயாரிப்பாளரிடம் போனேன். அவளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெயர் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள், ஆகவே தயாரிப்பாளர் என்றே எழுதுகிறேன். இங்கே பிறந்த பிள்ளை, என் வயதில் பாதி. அவளுடைய தமிழில் பாதி ஆங்கிலம், அதை நான் நக்கலடிக்காத நாள் இல்லை. ஆனால் இந்த வேலையில் உனக்கு யார் குரு என்று யாராவது கேட்டால், நான் அவளைத்தான் காட்டுவேன். எங்களுக்கு அனுபவம் கூடக்கூட வேகமும் வாயும்தான் கூடியது. அவள் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

"அன்ரி, அங்க சஸ்பென்ஸ் இல்லையே" என்றாள். "போல்ஸ் குளோஸ் ஆன செக்கண்டே முடிஞ்சிடும்."

"சஸ்பென்ஸ் இல்லாட்டிலும் ஆள் இருக்குது பிள்ளை" என்றுவிட்டு, அண்ணை சொன்னதை அப்படியே சொன்னேன்.

பேசாமல் இருந்தாள். பிறகு, "ஓகே, ரெண்டு நிமிசம். ஷார்ப்பா ஏழரைக்கு" என்றாள். ஏழரைக்குத்தான் அங்கே வாக்களிப்பு முடியும். அங்கேயும் இங்கேயும் ஒரே மணிதான்.

அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். "அம்மாவுக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டார். அன்றைக்கு என்ன கதைக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு மறுத்துவிட்டார். "அதை முதல்ல அம்மா கேக்கட்டும். பிறகு நீங்கள் கேளுங்கோ" என்றார். மறுநாளே அம்மா எடுத்தார். "என்ர பிள்ளை அமெரிக்க எலெக்சனில கதைக்கப் போறான்" என்றார். மகனே தேர்தலில் நிற்பது போல இருந்தது அந்தக் குரல்.

தேர்தல் நாள் வந்தது. நேரடி நிகழ்ச்சி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கலையகத்தில் எங்கள் மூத்த அறிவிப்பாளர், இந்தப் பக்கம் தயாரிப்பாளரும் நானும். சுவரில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. ஏழரைக்கு வெகுநேரம் முந்தியே நான் அண்ணைக்கு எடுத்து இணைப்பில் நிறுத்தினேன். இணைப்பில் நிற்கிறவருக்கு எங்கள் நிகழ்ச்சி தொலைபேசிக்குள்ளேயே கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வழக்கமாக எல்லோருக்கும் சொல்லுவதை அவருக்கும் சொன்னேன். "அண்ணை, வேற கோல் வந்தால் எடுக்காதேங்கோ. எடுத்தால் எங்கட லைன் போயிடும்."

"நான் ஏன் எடுக்கிறன்? கடையையும் பூட்டிப்போட்டு நிக்கிறன்" என்றார். குரல் மாப்பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. அங்கே மழை தூறுகிறது என்றும், வாக்குப் போட்டவர்களுக்குக் கொடுக்கிற ஸ்ரிக்கரைச் சட்டையில் ஒட்டியிருக்கிறேன் என்றும் சொன்னார்.

ஏழரைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது, பக்கத்து இணைப்பில் வெளிச்சம் வந்தது. எடுத்தேன். அவருடைய அக்கா.

"தம்பி உங்களோடயோ லைன்ல நிக்கிறான்?"

"ஓம் அக்கா. இன்னும் கொஞ்ச நேரத்தில கதைப்பார். அம்மா கேக்கிறாவோ?"

"அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். "றேடியோவுக்குப் பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தவ. நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ள... அம்புலன்ஸ் வந்து எல்லாம் பார்த்திட்டினம். நாங்கள் அவனுக்கு அடிச்சுக்கொண்டே இருக்கிறம், எடுக்கிறானில்லை."

எடுக்காதே என்று நான்தானே சொல்லி வைத்திருந்தேன். மேசையில் அவருடைய இணைப்பின் வெளிச்சம் அக்காவின் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் மினுங்கிக்கொண்டு இருந்தது.

"நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ" என்றார் அக்கா. "நான்தான் சொல்லோணும். அவன் அங்க தனிய நிக்கிறான். அவனை லைனில இருந்து விடுங்கோ, அது போதும்."

சரி என்று வைப்பதற்குள் இன்னொரு இணைப்பில் ஒரு பெண். அஜக்ஸ், பக்கத்து வீடு. "அந்த வேர்ஜீனியாத் தம்பியின்ர தாய் மோசம் போட்டா பிள்ளை. அவர் இப்ப உங்கட நிகழ்ச்சியில வரப்போறாராம். நான் ஒரு அனுதாபம் சொல்லோணும்." நல்ல மனம்தான். எங்கள் சனத்தில் யாருக்கும் அது தவறாகப் படாது, வானொலியில் அனுதாபம் சொல்லுவது எங்கள் வழக்கம். ஆனால் அந்த அனுதாபம் உள்ளே போனால், இணைப்பில் நிற்கிற பிள்ளைக்குத் தாய் செத்தது அப்படித்தான் தெரியவரும். அவரைப் பொறுக்கச் சொன்னேன். அடுத்த வெளிச்சம் வந்தது, அதுவும் அஜக்ஸ். எங்கள் மூத்த அறிவிப்பாளருக்கு ஒரு பழக்கம் வேறு, வெளிச்சத்தைக் கண்டால் என்னைக் கேட்காமலே பட்டனை அமத்திவிடுவார். அவருடைய கை மேசையில் ஊர்ந்ததைக் கண்ணாடிக்குள்ளால் கண்டேன்.

எழும்பிக் கண்ணாடியில் தட்டினேன். இவ்வளவு காலத்தில் ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். தயாரிப்பாளர் ஓடி வந்தாள், விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே விளம்பரங்களைப் போட்டாள். வீட்டுக்கடன் விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும் போய்க்கொண்டிருக்க, மூன்று பேரும் கலையகத்துக்குள் நின்றோம்.

"ரெண்டு நிமிசம்தானே, கதைக்க விடுவம்" என்றார் அறிவிப்பாளர். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "எவ்வளவு ஆசையோட நிக்கிறார். கதைச்சு முடிச்சிட்டுப் போய்க் கேக்கட்டும். இப்ப சொன்னாலும் பிறகு சொன்னாலும் தாய் வரப்போறாவோ?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, அதை உங்களுக்கு மறைக்கவில்லை. இவ்வளவு காலம் ஒருவரும் கேட்காத மனிதர். அந்த இரண்டு நிமிடத்தை நாங்கள் பறிக்க வேண்டுமா?

தயாரிப்பாளர் வழக்கம்போலக் கொஞ்சம் பேசாமல் நின்றாள். நகைக்கடை விளம்பரம் முடியப் போகிறது, இவள் வாயைத் திறக்கிறாளில்லை என்று எனக்குப் பதைத்தது.

"நோ" என்றாள். "கேக்கிற ஆக்களில எத்தினையோ பேருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அவர் அம்மாவோட கதைக்கத்தான் வாறார் அன்ரி. கேக்கிறதுக்கு அம்மா அங்க இல்லை. நாங்கள் அவரை அப்பிடிக் கதைக்க வைக்கேலாது. பிறகு அவர் அதை நினைச்சு நினைச்சே... நோ. ரிலீஸ் பண்ணுங்கோ."

அறிவிப்பாளர் தலையாட்டினார். நான் மேசைக்கு வந்து அண்ணையின் இணைப்பை எடுத்தேன்.

"அண்ணை, உங்கட அக்கா எடுக்கிறாவாம். ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ."

"தெரியும். ஃபோனில வந்து வந்து போகுது" என்றார். "அம்மா பக்கத்தில இருக்கிறா, கேக்கிறம் எண்டு சொல்லத்தான் எடுக்கிறா. நான் கதைச்சு முடிச்சிட்டு எடுக்கிறன். நீங்கள் லைனை விட்டிடாதேங்கோ அக்கா. எவ்வளவு காலம் கழிச்சு..."

எனக்கு மேலே கேட்க முடியவில்லை. அந்த நேரம் வாயில் வந்ததைச் சொன்னேன். "இல்லை அண்ணை. உங்கட ஸ்டேட் முடிவு கொஞ்சம் பிந்துமாம். நாங்கள் பிறகு எடுக்கிறம்."

மழைச் சத்தம் தொலைபேசிக்குள்ளால் கேட்டது.

"பிந்துமாமோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"சரி அக்கா" என்றார். "உங்களுக்கு இண்டைக்கு வேலை கூட. வைக்கிறன்."

வெளிச்சம் அணைந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவும் சுவரில் ஏழரை ஆகவும் சரியாக இருந்தது. வரைபடத்தில் மேற்கு வேர்ஜீனியாவுக்கு நிறம் விழுந்தது. அறிவிப்பாளர் அதை ஒரு மூச்சில் வாசித்துவிட்டு பென்சில்வேனியாவுக்குப் போனார். நான் பக்கத்து வீட்டுக்காரிக்கும் மற்ற அஜக்ஸ் அழைப்புக்கும் நன்றி சொல்லி அனுப்பினேன். நல்லகாலம், ஒரு பொய்யோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் அக்கா திரும்பவும் எடுத்தார். "விட்டிட்டீங்களோ? இன்னும் எடுக்கிறானில்லையே."

"அப்பவே விட்டிட்டம் அக்கா. வைச்சிட்டார்."

"அடிச்சுக்கொண்டே இருக்கு. எடுக்கிறானில்லை."

கடை பூட்டியிருக்கிறது, மலைப்பாதை, மழை, ஒரு தமிழ் ஆள் பக்கத்தில் இல்லை. எங்கள் பொய்யை நம்பிக் கோபித்துக்கொண்டு காரை எடுத்துவிட்டாரோ? அம்மாவின் ஆசையை நாங்கள் கெடுத்துவிட்டோம் என்று தொலைபேசியை எறிந்துவிட்டாரோ? நான் எடுக்கட்டுமா என்று தயாரிப்பாளரைக் கேட்டேன். "வேண்டாம் அன்ரி, அக்காவின்ர லைனை நாங்கள் மறிக்கப்படாது" என்றாள். ஒரு பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது. பிறகு அக்காவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. எடுத்துவிட்டான், சொல்லிவிட்டேன் என்று. அன்றைக்கு அமெரிக்காவில் யார் வென்றார்கள் என்று கேட்டால், எனக்கு நிகழ்ச்சி முடியும் வரைக்கும் ஒன்றும் காதில் ஏறவில்லை.

அம்மாவின் உடலைப் பார்வைக்கு வைத்த அன்று போனேன். எனக்கு அவருடைய முகம் தெரியாது, அவருக்கும் என்னுடைய முகம் தெரியாது. எங்கள் வேலை அப்படி, எத்தனையோ வருடம் குரலோடு உறவு கொண்டாடிவிட்டு, ஆளைக் கண்டால் யாரோ மாதிரி நிற்போம். வாசலில் ஒரு மெல்லிய மனிதர் வருகிறவர்களுக்குக் கை கூப்பிக்கொண்டு நின்றார். "அண்ணை" என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே என் குரலைப் பிடித்துவிட்டார்.

"வாங்கோ அக்கா" என்றார்.

ஓரமாகப் போய் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"பிந்தும் எண்டு சொன்னனீங்கள்."

"அண்ணை, எனக்கு அந்த நேரம்..."

"எங்கட ஸ்டேட்டில முடிவு பிந்தாது அக்கா. சூரியன் பிந்தினாலும் அது பிந்தாது. நீங்கள் சொன்ன உடனேயே வேற ஏதோ நடந்திட்டுது எண்டு விளங்கீற்றுது. எங்கட அக்கா விடாமல் எடுத்துக்கொண்டு இருந்தவ. வேற என்ன நடந்திருக்கப் போகுது?"

"அப்ப ஏன் அண்ணை என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீங்கள். உங்களுக்கும் அது பாவம்தானே. அம்மாவின்ர செய்தி எனக்கு அந்த றேடியோவில இருந்து வரக் கூடாது எண்டு நினைச்சன். அதிலதானே அவ என்னைக் கேக்கக் காத்துக்கொண்டு இருந்தவ."

உள்ளே யாரோ தேவாரம் தொடங்கினார்கள். அவர் போக வேண்டும், ஆனால் நின்றார். அன்றைக்கு அம்மாவுக்கு என்ன சொல்ல இருந்தார் என்று கேட்க எனக்கு நா எழும்பியது. கேட்கவில்லை. இன்றுவரைக்கும் எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு தேர்தலிலும் அந்த மாநிலத்துக்கு நிறம் விழும்போது, அந்த இரண்டு நிமிடத்தை ஒருக்காக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கும். யாரிடம் போய்க் கேட்பது? வேறு ஒன்றைத்தான் அன்றைக்குக் கேட்டேன்.

"உங்கட அக்கா எடுக்க எடுக்க ஏன் அண்ணை அவ்வளவு நேரம் எடுக்கேல்லை? நாங்கள் நல்லாப் பயந்து போனம்."

அவர் உள்ளே அம்மா கிடந்த பக்கம் பார்த்தார்.

"ஃபோனைக் கல்லாவில வைச்சிட்டுப் பார்த்துக்கொண்டு நிண்டன் அக்கா" என்றார். "அது அடிச்சுக்கொண்டு இருக்கும் வரைக்கும் எனக்கு அம்மா இருக்கிறா எல்லோ?"

பிள்ளைகளே, நீங்கள் வேலையாக ஒருவருக்கு எடுப்பீர்கள். அடித்துக்கொண்டே இருக்கும், அவர் எடுக்க மாட்டார். உங்களுக்கு அவசரமாக இருக்கும், அறிவிப்பாளர் கண்ணாடிக்குள்ளால் முறைப்பார். வைத்துவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் அடிக்க விடுங்கள்.